இரண்டு இடத்தில் ஒரு தேன்மொழி

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான். "மேடம், திருடன் உள்ளே வந்து நேருக்கு நேர் பார்த்திருக்கீங்களா?" பார்த்திருக்கிறேன். பெரிய சுவாரசியம் ஒன்றுமில்லை. எங்கோ ஒருத்தர் ஏமாந்து பாஸ்வேர்டைக் கொடுத்திருப்பார், எங்கோ ஒருத்தன் அதைத் தட்டிப் பார்த்திருப்பான், நாம் கதவைச் சாத்துவோம், அறிக்கை எழுதுவோம், சாப்பிடப் போவோம். உங்களுக்கும் அது எத்தனையோ முறை நடக்கும். அதற்கெல்லாம் நீங்கள் படித்துவிட்டு வந்த பாடமே போதும். நான் சொல்ல நினைப்பது, திருடனே வராத ஒரு மத்தியானத்தைப் பற்றி. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற இந்த நாளிலும், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசரும்போது எனக்குள் வருவது அந்த மத்தியானம்தான்.

நம் வேலை என்னவென்று என் கணவருக்கு நான் கடைசிவரை விளங்கவைக்க முடியவில்லை. ஊர் ஊராக வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் தங்கள் கம்பெனிக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும், அந்த வாசல் எந்தக் கட்டடத்திலும் இல்லை, கிளவுடில் இருக்கிறது, அங்கே நின்று வருகிறவர் யார் என்று பார்ப்பது என் வேலை என்பேன். அவர் ஜன்னலைத் திறந்து சேலத்து வெயிலைப் பார்த்துவிட்டு, "அவ்ளோ தூரம் மேகத்துல போய் நிக்கிற, வர்றப்ப ரெண்டு தூறல் போடச் சொல்லிட்டு வாயேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டாலும் இதையே சொல்லிச் சிரிப்பார். எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அவர் சொன்னது முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் நானும் அங்கே கொஞ்சம் மிதந்துகொண்டுதான் இருந்தேன். மாடி அறையில் என் திரை. திரையில் ஒரு வரைபடம், அதில் புள்ளி புள்ளியாக மனிதர்கள். ஜலகண்டாபுரத்தில் ஒரு புள்ளி எரிந்தால், தறிச் சத்தம் காதில் விழாமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ ஏற்றுமதி ஆர்டர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வேன். வேலைக்கு அது தேவையில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வீடு, ஒரு ஜன்னல், ஜன்னலில் காய்கிற ஒரு துண்டு என்று மனம் தானாகக் கட்டிக்கொண்டே போகும். பகலில் அப்படி உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் அந்தப் புள்ளிகளை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

சேந்தமங்கலத்தில் ஒரு புள்ளி இருந்தது. அதன் பெயர் தேன்மொழி. நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணைக் கம்பெனி நம் வாடிக்கையாளர். நாலு பக்கமும் மூடிய பெரிய பெரிய ஷெட்டுகள், உள்ளே முட்டைக்கோழிகள், சுவர் முழுக்கக் காற்றை இழுக்கும் ஃபேன்கள். வெயிலுக்கு ஏற்ப அந்த ஃபேன்களைக் கூட்டிக் குறைப்பதை அவர்கள் வீட்டிலிருந்து பார்க்க ஆள் வைத்திருந்தார்கள். காலையிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரை தேன்மொழியின் முறை. கணவர் வீட்டில் உட்கார்ந்து, கம்பெனி கொடுத்த லேப்டாப்பில், கொல்லிமலை அடிவாரத்திலிருந்து நாமக்கல் கோழிகளுக்குக் காற்று விட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்ததில்லை. முறை முடிந்ததும் அவர்கள் குரூப்பில் "வாரேனுங்க" என்று எழுதிவிட்டுப் போவாள். எச்சரிக்கைகளைக் கவனிப்பதற்காக நாங்களும் அந்த குரூப்பில் இருந்ததால் அது எனக்குத் தெரியும்.

சித்திரை வெயில். மின்விசிறி சுற்றுவதே தூக்கத்தில் சுற்றுவது மாதிரி இருந்தது. திரையில் ஒரு சிவப்புக் கோடு வந்தது. தேன்மொழி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்தாள்.

ஒன்று, சேந்தமங்கலம் வீட்டில், பதிவு செய்த லேப்டாப்பில், எப்போதும் வருகிற இணைப்பில். நம் வாசல் அதை "நம்பகமான இடம்" என்று பச்சையாகக் காட்டியது. இன்னொன்று ஒரு செல்போனில். அது வீட்டில் இல்லை. ராசிபுரம் சாலையில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. பஸ் நிற்கிற இடங்களில் நின்று, மறுபடி நகர்ந்தது. அதே நேரத்தில் குரூப்பில் அந்தப் போனிலிருந்து ஒரு வரி விழுந்தது. "போறேனுங்க. ரெண்டு மணி வரைக்கும் ஷெட்டை நானே பாத்துக்கறேனுங்க."

என்னோடு அன்று பணியில் இருந்தவன் வினோத். வாழப்பாடியில் அவன் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கெட்டிக்காரன். அவன் குரல் உடனே காதில் வந்தது.

"மேடம், இது வேற ஆளு. அந்தப் பொண்ணு தினமும் வாரேனுங்கன்னுதான் எழுதும். இதுல போறேனுங்கன்னு இருக்கு. கட் பண்ணிடவா?"

அவன் கவனித்தது எனக்குப் பிடித்தது. "இரு" என்றேன். அதற்குள் என் போன் அடித்தது.

"வணக்கமுங்க. நான் தேன்மொழி ஊட்டுக்காரருங்க. அவளோட போனு தொலைஞ்சு போச்சுங்க. பஸ் ஸ்டாண்டுல எவனோ அடிச்சுட்டுப் போயிட்டானுங்க. அதை ஒடனே நிறுத்தோணுமுங்க. உள்ள இருக்கறதையெல்லாம் அழிச்சுப்போடுங்க."

எவ்வளவு தன்மையான குரல். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க'. பதிவு செய்த போன் தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது நம் விதியில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கணக்கைப் பூட்ட வேண்டும், இங்கிருந்தே பொத்தானை அழுத்தி அந்தப் போனைத் துடைத்துவிட வேண்டும். படம், எண்கள், எல்லாம் போய்விடும். அவர் கேட்டது விதியைத்தான்.

"அவங்ககிட்ட போனைக் குடுங்களேன்" என்றேன்.

"குளிச்சுட்டு இருக்கறாளுங்க."

"லேப்டாப்ல அவங்க இப்ப உள்ள இருக்காங்கன்னு காட்டுதே."

"தொறந்து வெச்சுட்டுப் போயிருக்கறாளுங்க. வந்தோடனே பேசச் சொல்றனுங்க."

பண்ணை மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் வேறு ஒரு பண்ணைக்குப் போகிற வழியில் இருந்தார். அவருக்கும் அந்தக் கணவர் போன் செய்திருந்தார். "நல்ல மனுசருங்க மேடம், பொய் சொல்ல மாட்டாரு" என்றார். தேன்மொழியின் குரலை அடையாளம் சொல்வாரா என்று கேட்டேன். "அந்தப் புள்ள பேசி நான் கேட்டதே இல்லீங்க. எல்லாம் குரூப்புலதான். போன் பண்ணுனாலும் அவிய ஊட்டுக்காரருதான் எடுப்பாரு." பிறகு அவர் கவலையைச் சொன்னார். "யாரு என்னங்கறதை அப்பறமேட்டுக்குப் பாத்துக்கலாமுங்க. இந்த வெயிலுக்குக் காத்தாடி நின்னா கோழி தாங்காதுங்க. நீங்க என்ன பண்றீங்களோ அதுதானுங்க."

இப்போது உங்களுக்கு நிலைமை புரிந்திருக்கும். போனில் இருப்பது திருடன் என்றால், அவன் கையில் ஷெட்டுகளின் மூச்சு இருக்கிறது. போனில் இருப்பது தேன்மொழி என்றால், அவள் ஏதோ ஒரு பஸ்ஸில் வீட்டை விட்டு வெளியே இருக்கிறாள். நான் பொத்தானை அழுத்தினால் நடுவழியில் அவள் கையில் வெறும் கண்ணாடித் துண்டுதான் மிஞ்சும். யாரையும் கூப்பிட முடியாது. வேலையும் அன்றோடு போயிருக்கும், ஏனென்றால் கோழிகளை விட்டுவிட்டுப் போனவள் என்ற பெயர்தான் நிற்கும்.

அந்தப் போனுக்குக் கூப்பிட்டேன். அடித்து அடித்து நின்றது. "தேன்மொழி, எங்கே இருக்கிறீர்கள்?" என்று எழுதினேன். பதில் இல்லை. வாசலிலிருந்து ஒரு கேள்வி அனுப்பினேன். அது எல்லோருக்கும் வருவதுதான். 'இது நீங்கள்தானா?' என்று கேட்கும், கீழே ஆமாம், இல்லை என்று இரண்டு பொத்தான் இருக்கும், ஆமாம் என்றால் விரல் ரேகை வைக்க வேண்டும். அதற்கும் பதில் வரவில்லை. புள்ளி மட்டும் ராசிபுரம் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திய ஒரு உருவம் தெரிந்தது. வெளியே சோளக்காடு, காய்ந்த ஏரி, அனலில் ஆடுகிற சாலை. எல்லாம் நானாகக் கட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் அப்படிக் கனவு காணக்கூடாது என்று எனக்குத் தெரியும். காணாமல் இருக்கவும் முடியவில்லை.

மறுபடி வீட்டிலிருந்து அழைப்பு. இந்த முறை ஒரு பெண்.

"நான்தானுங்க தேன்மொழி. அந்த போனைக் கட் பண்ணீட்டீங்களாங்க?"

"கேமராவைக் கொஞ்சம் போடுங்கம்மா."

"அது ரிப்பேருங்க."

காதில் வினோத், "ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னதே நாமதான் மேடம்" என்றான். அதுவும் உண்மை. எல்லோருக்கும் கேமராவை மூடி வையுங்கள் என்று வகுப்பு எடுத்ததே நான்.

"சரிம்மா. ஷெட்டெல்லாம் எப்படி இருக்கு? மத்தியான வெயில் ஏறிடுச்சே, மூணாவது ஷெட்டுல சூடு பார்த்தீங்களா?"

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல அந்த போனைத் தொடைச்சு உடுங்க."

நான் பதில் சொல்லாமல் திரையைப் பார்த்தேன். வாசல் வழியாக யார் என்ன தொட்டார்கள் என்பது நமக்கு வரி வரியாக வரும். சேந்தமங்கலம் லேப்டாப், பச்சை, நம்பகமான இடம். அது வந்ததிலிருந்து ஒரே ஒரு பக்கத்தைத்தான் திறந்திருந்தது. கணக்கு அமைப்புகள். பாஸ்வேர்டை மாற்றப் பார்த்திருந்தது. ஒரு ஃபேனைக்கூடத் தொடவில்லை. நகர்ந்துகொண்டிருந்த போன், சிவப்பு, தெரியாத இடம். அது முதல் ஷெட்டில் ஃபேனைக் கூட்டியிருந்தது. இரண்டாவது ஷெட்டில் காற்றைக் குளிர்விக்க நனைகிற அட்டைச் சுவருக்குத் தண்ணீரைத் திறந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது ஷெட்டில் இன்னும் இரண்டு ஃபேன்கள் ஓட ஆரம்பித்தன. என் அழைப்பை எடுக்காதவர், என் கேள்விக்குப் பதில் சொல்லாதவர், சூடு ஏறுவதைப் பார்த்துக் காற்றை மட்டும் கூட்டிக்கொண்டே போனார்.

வினோத் விடவில்லை. "நல்ல திருடன்னா மொதல்ல அப்படித்தான் நம்ப வைப்பான் மேடம்." அவன் சொல்வது சரியாகவே இருக்கலாம்.

"போறேனுங்கன்னு எழுதியிருக்கே, அதை இன்னொரு தடவை படி" என்றேன்.

"அதான் மேடம் நானும் சொல்றேன். அவங்க அப்படிச் சொல்லவே மாட்டாங்க."

"திருடனும் சொல்ல மாட்டான்டா. நேத்து வரைக்கும் அவ எழுதினது பூரா குரூப்புலதான் இருக்கு. திருடன்னா பாத்து அப்படியே வாரேனுங்கன்னு எழுதியிருப்பான்."

வாழப்பாடியாக இருந்தால் என்ன, சேந்தமங்கலமாக இருந்தால் என்ன, வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. கடைக்குப் போனாலும் 'வாரேன்' தான், ஊருக்குப் போனாலும் 'வாரேன்' தான். வாய் தவறி யாராவது 'போறேன்' என்றால் வீட்டில் இருக்கிறவர்கள் பதறித் திருத்துவார்கள். அந்தச் சொல்லை ஒருத்தி தெரிந்தே எழுதுகிறாள் என்றால் அவள் திரும்பி வரப்போவதில்லை. அப்போதும் கோழிகளை இரண்டு மணி வரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் ஒரு சொல்லை நம்பி ஒரு கம்பெனியின் கதவைத் திறந்து வைக்க முடியாது. அதை நீங்களும் செய்யாதீர்கள். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அதிகம் பேசமாட்டார். கையில் எப்போதும் வேர்க்கடலைப் பொட்டலம் இருக்கும். ஒருமுறை நான் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது கடலையை நீட்டிக்கொண்டே சொன்னார். "நீ எப்படியும் தப்புப் பண்ணத்தான் போற. திருப்பிக்க முடியற தப்பாப் பாத்துப் பண்ணு." அன்று எனக்கு அது மட்டும்தான் ஞாபகம் வந்தது. துடைத்த போனைத் திருப்ப முடியாது. செத்த கோழியைத் திருப்ப முடியாது. மற்றதையெல்லாம் திருப்பிவிடலாம்.

போனைத் துடைக்கவில்லை. அதன் வழியை மட்டும் குறுக்கினேன். ஃபேன், தண்ணீர், சூடு, இந்த மூன்றைத் தவிர வேறு எதற்கும் போக முடியாது. ஃபேனைக் கூட்டலாம், குறைக்க முடியாது. லேப்டாப்பை முழுக்க வெளியே நிறுத்தினேன். பச்சையாக எரிந்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுச் சிவப்பை உள்ளே விடுவதைப் பார்த்து வினோத், "மேடம், விதிக்கு நேர் எதிரா பண்றோம்" என்றான். ஆமாம் என்றேன். மேனேஜரிடம் ஒவ்வொரு ஷெட்டிலும் சுவரில் இருக்கிற ஸ்விட்ச் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தச் சொன்னேன். கிளவுடில் என்ன நடந்தாலும் கையால் போட்டுக்கொள்ளலாம்.

பிறகு சேந்தமங்கலத்துக்குப் போன் செய்தேன். அந்தக் கணவர்தான் எடுத்தார்.

"போனை அழிக்க முடியாதுங்க. தேன்மொழி நேர்ல வந்து சொன்னாத்தான் முடியும்" என்றேன்.

அந்தத் தன்மை அப்படியே உதிர்ந்தது. "ஏனுங்க, ஊட்டுல இருந்து சொல்றேன், உங்க கம்ப்யூட்டரே இதுதான் நம்பகமான எடம்னு காட்டுதுல்ல? ரோட்டுல போறவ சொல்றதைக் கேப்பீங்களா?" போனைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ, தேன்மொழி என்று என்னிடம் பேசிய அந்தப் பெண்ணிடம்தான் போலிருக்கிறது, பேசினார். சரியாக மூடவில்லை. "போனும் இல்லாம வேலையும் இல்லாமப் பண்ணிப்போட்டா எங்க போயிருவா? பொழுது சாய ஊடு வந்துதான் ஆகோணும்."

நான் போனை வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு வெட்கம் வந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. 'நம்பகமான இடம்' என்ற அந்தப் பெயரை நம் தொழிலில் எல்லோரும் வைப்பதுதான். வீடு என்றால் நம்பலாம் என்று யார் நமக்குச் சொன்னார்கள்? லேப்டாப் எங்கே இருக்கிறது என்பதை வாசல் சொல்லும். அதன் முன்னால் இருப்பவர் யார் வீட்டில், எப்படி இருக்கிறார் என்பதைச் சொல்லாது.

அந்த நேரத்தில்தான் நான் அனுப்பிய கேள்விக்குப் பதில் வந்தது. 'ஆமாம்.' கீழே விரல் ரேகை. ஏன் அவ்வளவு தாமதம் என்று எனக்குத் தெரியவில்லை. வினோத் அதைப் பார்த்துவிட்டு மெதுவாக, "அப்ப உண்மையாவே அவங்கதானா மேடம்?" என்றான். புள்ளி சேலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. இரண்டு மணி வரை அது ஒரு ஷெட்டையும் விடவில்லை. அடுத்த முறைக்காரர் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டதும் அணைந்தது. ஒரு கோழிகூடச் சாகவில்லை என்று மேனேஜர் சொன்னார். அந்தப் பெண் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கட்டும், அந்த வீட்டை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

சாயங்காலம் அவளிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மேனேஜர் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். பின்னால் பஸ் ஸ்டாண்ட் இரைச்சல். கூடப் படித்த தோழி வந்து கூட்டிக்கொண்டு போகக் காத்திருப்பதாகச் சொன்னாள். முதலில் கேட்டது மூன்றாவது ஷெட்டைப் பற்றி. நன்றாக இருக்கிறது என்றேன். வேலை இருக்குமா என்று கேட்டாள். இருக்கிறது, நாளை காலையில் வேறு இடத்தைப் பதிவு செய்து தருகிறேன் என்றேன். பிறகு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. நம் தொழில் புத்தி, வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அந்தக் கேள்விக்கு ஏன் அவ்வளவு நேரம் பதில் வரவில்லை என்று.

"உங்க வாசலு அடிக்கடி கேக்குமுங்க, இது நீங்கள்தானான்னு. குரூப்புல எல்லாரும் அதைத் திட்டுவாங்க, வேலை கெடுதுன்னு. நான் ஒரு நாளும் திட்டுனதில்லீங்க. அந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்து என்னைய யாருன்னு யாரும் கேட்டதில்லீங்க. அது ஒண்ணுதான் கேக்கும்."

"இன்னிக்கும் கேட்டுச்சே" என்றேன்.

"இன்னிக்குப் பஸ்ஸுல கேட்டுச்சுங்க. ஆமான்னு அமுத்தறதுக்குக் கை வரலீங்க, அது நான்தானான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சுங்க. ராசிபுரம் தாண்டித்தானுங்க அமுத்துனேன்."